சிற்பத்தைச் செய்தவர் யார்? கலைஞர்களுக்கும் பிராண்டுகளுக்கும் பின்னால் நிற்கும் பட்டறைகள்

1962-இல் அமெரிக்கச் சிற்பி டோனி ஸ்மித், நியூஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரில் இருந்த ஒரு வெல்டிங் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் ஒரு வேலையைச் சொன்னார். ஒவ்வொரு பக்கமும் ஆறடி கொண்ட கனசதுரம், கால் அங்குலத் தடிமனில் எஃகுத் தகடு, உள்ளே குறுக்குத் தாங்கிகள் என்பதற்கு மேல் அவர் அதிகம் சொல்லவில்லை. நீங்கள் அளவைச் சொல்லுங்கள், நாங்கள் செய்து தருகிறோம் என்ற பொருளில் அந்த நிறுவனம் வைத்திருந்த விளம்பரப் பலகை அவர் கண்ணில் பட்டிருந்தது. அப்படி உருவான 'டை' (Die) என்ற அந்தக் கறுப்புப் பெட்டி இன்று நவீன சிற்ப வரலாற்றின் முக்கியமான படைப்புகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதன் தகடுகளை வெட்டிப் பற்றவைத்தவர்களின் பெயர்களை எந்த அருங்காட்சியகக் குறிப்பட்டையிலும் காண முடியாது.

அம்பத்தூரிலும் கோவையிலும் 'ஃபேப்ரிகேஷன் ஒர்க்ஸ்' என்ற பலகையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சொல் இரும்புக் கதவையும் கூரைச் சட்டத்தையும்தான் நினைவுபடுத்தும். உலகக் கலைச் சந்தையிலும் உயர்விலை ஆடை உலகிலும் அதே சொல், ஒரு கலைஞரோ ஒரு பிராண்டோ கற்பனை செய்த பொருளை அவர்களுக்காக ஒரே ஒருமுறை, அல்லது எண்ணிச் சில முறை மட்டும் செய்துகொடுக்கும் தொழிலைக் குறிக்கிறது. ஒரு மாதம் பத்து மீட்டர் உயரப் பொம்மை, அடுத்த மாதம் கடைச் சன்னலில் வைக்கும் கண்ணாடிப் பழம், அதற்கடுத்த மாதம் பளிங்குத் தலை என்று இங்கே வேலைகள் வரும். பார்வையாளர்கள் இதைக் கைத்திறன் விற்கும் தொழிலாகவே எண்ணுகிறார்கள். அது பாதி உண்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பட்டறைகள் முதன்மையாக விற்பது முடிவுகளை. கலைஞரின் வரைபடம் பேசாமல் விட்டிருக்கும் நூற்றுக்கணக்கான இடங்களில், எந்த உலோகம், எவ்வளவு தடிமன், மூட்டு எங்கே வரவேண்டும், எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்பதையெல்லாம் யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும்.

கலைஞர் கருதுவார், வேறொருவர் செய்வார் என்ற ஏற்பாடு புதியதன்று. பிரெஞ்சுச் சிற்பி ரோதேனின் பளிங்குச் சிற்பங்களில் மிகப் பலவற்றை அவருடைய களிமண், பிளாஸ்டர் மாதிரிகளைப் பார்த்து அவர் பட்டறையின் கல்தச்சர்களே செதுக்கினார்கள். வெண்கலப் பிரதிகளை வார்ப்படசாலைகள் ஊற்றின. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த மாற்றம் வேறு வகையானது. எஃகுத் தகடு, அலுமினியம், பைபர் கிளாஸ், தொழிற்சாலை வண்ணப்பூச்சு ஆகியவற்றைக் கலைஞர்கள் விரும்பத் தொடங்கியபோது, அவற்றைக் கையாளும் கருவிகளும் அறிவும் கலைஞரின் கூடத்தில் இல்லை; கப்பல் கட்டுமிடத்திலும் கொதிகலன் செய்யுமிடத்திலும் இருந்தன. அந்த இடங்களுக்கோ, ஒரே ஒரு பொருளுக்காக வேலையை நிறுத்தி ஒரு கலைஞரின் மனமாற்றங்களுக்குக் காத்திருக்கும் பொறுமை இல்லை.

அந்த இடைவெளியில்தான் 1966-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நார்த் ஹேவனில் டொனால்ட் லிப்பின்காட் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய அளவுச் சிற்பங்களை மட்டுமே செய்யும் தொழிற்கூடம் அது. பார்னெட் நியூமனின் 'உடைந்த தூபி', கிளேஸ் ஓல்டன்பர்க் 1969-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நிறுத்திய, டாங்கிச் சக்கரப் பட்டைகள் மீது ஏறி நிற்கும் உதட்டுச்சாயக் குழல், ராபர்ட் இண்டியானாவின் 'லவ்' எழுத்துகள் எல்லாம் அங்கே உருவானவை. கலைஞர்கள் அந்தக் கூடத்துக்கே வந்து, தகடு வெட்டப்படும்போது பக்கத்தில் நின்று, தேவைப்பட்டால் அளவை மாற்றிச் சொல்லலாம். சில படைப்புகளை நிறுவனம் தன் செலவிலேயே செய்து, வெளியே உள்ள புல்வெளியில் நிறுத்திவைத்து, விற்ற பிறகு பணம் பெற்றுக்கொண்டதும் உண்டு. செய்பவரும் பணம் போடுபவரும் ஒருவராகவே இருந்த அந்த ஏற்பாடு இன்று அரிது.

'உடைந்த தூபி'யையே எடுத்துக்கொள்ளலாம். கீழே ஒரு பிரமிடு. அதன் கூர்நுனியின் மேல், தலைகீழாக்கப்பட்ட தூபியின், அதாவது நுனி கூரான சதுரத் தூணின், கூர்நுனி. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் ஏறத்தாழ இரண்டேகால் அங்குலச் சதுரம். மேல்பகுதியின் எடையும், காற்று அதைத் தள்ளும் விசையும் அந்தச் சிறு இடத்தின் வழியாகத்தான் கீழே இறங்கவேண்டும். கோட்டோவியத்தில் இது ஒரு விநாடி வேலை. எஃகில் இது ஒரு பொறியியல் சிக்கல். பார்ப்பவருக்கு அந்தச் சிக்கல் சிறிதும் தெரியாமல் இருப்பதில்தான் படைப்பின் வெற்றி இருக்கிறது. தன் உழைப்பைத் தானே மறைத்துக்கொள்வது இந்தத் தொழிலின் இயல்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வேலை பட்டறைக்குள் வந்ததும் நடப்பவை பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகின்றன. கையளவு மாதிரியோ, கணினி வரைவோ, சிலநேரம் வெறும் புகைப்படமோ வருகிறது. மாதிரியை ஸ்கேன் செய்து கணினியில் பெரிதாக்குகிறார்கள். பெரிதாக்கும்போதே முதல் சிக்கல் தொடங்கிவிடுகிறது. கையளவில் அழகாக இருந்த விரல் மூன்று மீட்டரில் தடித்துத் தெரியும், சிறு மாதிரியில் மறைந்திருந்த கைரேகை பெரிய உருவில் வரப்பாகிவிடும். திருத்திய வரைவைக் கொண்டு, கணினி இயக்கும் வெட்டு இயந்திரம் ஃபோம் கட்டியைச் செதுக்குகிறது. அதன் மேல் களிமண்ணோ, பள்ளம் அடைக்கும் புட்டியோ பூசிக் கையால் சீராக்கி, சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்து, அச்சுக்குள் ரெசின் என்ற இறுகும் பிசினும் கண்ணாடி இழைப் பாயும் அடுக்கடுக்காக வைத்து உருவை எடுக்கிறார்கள். பிறகு மூட்டுகளைத் தேய்த்தல், புட்டி, பிரைமர், மீண்டும் தேய்த்தல், வண்ணம். இந்தத் தேய்க்கும் வேலைதான் நாள்களை விழுங்குவது; தூசியும் ரெசின் ஆவியும் நிறைந்த அந்த அறையில் முகமூடியோடு நிற்பவர்கள் யாரும் கலைக் கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு அழைக்கப்படுவதில்லை.

உலோகமும் கண்ணாடிப் பளபளப்பும் சேரும்போது சிக்கல் பன்மடங்காகிறது. சிகாகோவின் மில்லினியம் பூங்காவில் உள்ள, சிற்பி அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' இதற்குத் தனிப்பாடம். 168 துருப்பிடிக்கா எஃகுத் தகடுகளைக் கொண்டு செய்யப்பட்ட, ஏறத்தாழ 100 டன் எடையுள்ள அந்தச் சிற்பத்தைக் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் இருந்த 'பெர்ஃபார்மன்ஸ் ஸ்ட்ரக்சர்ஸ்' என்ற நிறுவனம் செய்தது. முழுதாக அங்கேயே கட்டிப் பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில் அனுப்புவது முதல் திட்டம். ஆபத்து அதிகம் என்று அது கைவிடப்பட்டு, தகடுகள் தனித்தனியாக லாரிகளில் சிகாகோ சென்று அங்கேயே பொருத்தப்பட்டன. 2004-இல் பூங்கா திறக்கப்பட்டபோது தகடுகளுக்கு இடையே உள்ள இணைப்புக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. பிறகு சிற்பத்தைக் கூடாரத்தால் மூடி, எழுநூறு மீட்டருக்கும் மேலான பற்றவைப்புக் கோடுகளை ஐந்து கட்டங்களாகத் தேய்த்து மெருகேற்றினார்கள். அதிகாரபூர்வ அர்ப்பணிப்பு விழா 2006-இல்தான் நடந்தது. தொடக்கத்தில் 60 லட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்ட செலவு 2.3 கோடி டாலரில் முடிந்தது.

கண்ணாடி போன்ற பரப்பு எந்தத் தவறையும் மன்னிப்பதில்லை. வண்ணம் பூசிய இரும்பில் அரை மில்லிமீட்டர் பள்ளம் கண்ணுக்குத் தப்பிவிடும். பளபளப்பில் அதே பள்ளம், எதிரே தெரியும் கட்டடத்தின் நேர்கோட்டை வளைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். வெல்டிங்கின் சூடு தகட்டைச் சுருக்கி நெளிக்கும் என்பதால், பற்றவைக்கும் ஒவ்வோர் அங்குலமும் அடுத்து வரப்போகும் தேய்ப்பைக் கணக்கில் கொண்டு செய்யப்படவேண்டும். சிகாகோவின் கோடை வெயிலிலும் உறைபனியிலும் எஃகுத் தோல் விரிந்து சுருங்க வேண்டுமென்பதால், உள்ளேயிருக்கும் சட்டகம் அதை இறுகப் பிடித்துக்கொள்ளாத வகையில் அமைக்கப்பட்டது. ஒரு மூட்டும் தெரியாத பாதரசத் துளியாக இருக்கவேண்டும் என்ற கருத்து கபூருடையது; அதற்கான விடைகள் பட்டறையில் பிறந்தவை.

அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸின் 'பலூன் நாய்' வரிசையில் வெளிப்படுவது பணத்தின் கதை. 1994-இல் தொடங்கிய அந்த வேலை 2000 வரை நீண்டது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பீட்டர் கார்ல்சன் நடத்திய பட்டறையில், திருவிழாவில் பலூன்காரர் முறுக்கித் தரும் நாய் மூன்று மீட்டர் உயரத்தில், ஒளி ஊடுருவும் வண்ணப் பூச்சுடன் எஃகில் உருவானது. கூன்ஸ் கேட்ட துல்லியம் முன்கூட்டிப் பணம் போட்ட கலைக்கூடங்களைத் திணறடித்தது. ஐந்து வண்ணங்களில் ஐந்து நாய்கள் உருவாயின. அவற்றில் ஆரஞ்சு நிறத்தது 2013 நவம்பரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 5.84 கோடி டாலருக்கு விற்றது. கார்ல்சன் நிறுவனமோ, கலைச்சந்தை சரிந்த நெருக்கடிக்குப் பின் 2010-இலேயே மூடப்பட்டிருந்தது. ஒரு படைப்பின் விலை பின்னாளில் எவ்வளவு ஏறினாலும், செய்தவருக்கு ஒப்பந்தத் தொகையைத் தாண்டி எதுவும் திரும்புவதில்லை. வேலை நின்றால் மட்டும் முதலில் அடிபடுவது அவர்தான்.

ஆடை உலகம் இந்தப் பட்டறைகளுக்கு இரண்டாவது வாசலைத் திறந்தது. அதே ஃபோம், அதே ரெசின், பெரும்பாலும் அதே ஆட்கள். ஆனால் கேட்கப்படுவது நேரெதிரானது. அருங்காட்சியகம் வாங்கும் சிற்பம் நூறாண்டு நிற்கவேண்டும். ஆடை அணிவகுப்பின் பொருள் பத்துப் பதினைந்து நிமிடமும், அதன் புகைப்படம் காலமெல்லாமும் நின்றால் போதும். 2018 ஜூனில் டியோர் ஆண்கள் ஆடை அணிவகுப்புக்காகக் காஸ் என்ற கலைஞரின் உருவம் சுமார் 10 மீட்டர் உயரத்தில், பல்லாயிரம் பூக்களால் போர்த்தப்பட்டுப் பாரிஸில் நின்றது. 2010 மார்ச்சில் ஷனெல் தன் அணிவகுப்பு மேடைக்கு ஸ்வீடனிலிருந்து 265 டன் பனியைக் கொண்டுவந்து பனிப்பாறையாகச் செதுக்க வைத்தது. உருகப்போவதையும் வாடப்போவதையும் அறிந்தே செய்யும் இந்த வேலைகளில் தளராத கட்டளை ஒன்றே ஒன்றுதான்: நாள். சிற்பக் கண்காட்சியைத் தள்ளிவைக்கலாம். ஆடை வாரத்தை யாராலும் தள்ளிவைக்க முடியாது.

கடைச் சன்னல்களின் கணக்கு இன்னும் நுட்பமானது. 2023-இல் லூயி வித்தோன் நிறுவனம், புள்ளிகளுக்குப் பெயர்பெற்ற ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவோடு சேர்ந்து நடத்திய விற்பனை முயற்சியில், பாரிஸின் ஷாம்ஸ் எலிசே கடைக் கட்டடத்தின் மேல் குசாமாவின் பேருருவம் எழுந்தது. நியூயார்க் கடைச் சன்னலில் இயந்திரக் குசாமா புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இத்தகைய பொருள்கள் பல நகரக் கடைகளில் ஒன்றுபோல் தோன்றவேண்டும், கடையின் வாசல் வழியே துண்டுதுண்டாக நுழையவேண்டும், ஓரிரவில் பொருத்தப்படவேண்டும், தீத்தடுப்பு விதிகளுக்கு உட்படவேண்டும், குழந்தை சாய்ந்தால் கவிழக்கூடாது. இவற்றில் ஒன்றுகூடக் கலைஞரின் கருத்தில் இருந்ததில்லை. பட்டறைதான் இவற்றையெல்லாம் கருத்துக்குள் நுழைக்கிறது, சிலநேரம் கருத்தை மெல்ல வளைத்தும்.

உடலில் அணியும் பொருள்களில் பட்டறைக்காரருக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்திருக்கிறது. ஆடை வடிவமைப்பாளர் இசே மியாகே 1980-இல் காட்டிய, பெண்ணுடலை அப்படியே வார்த்த மார்புக்கவசத்தைச் செய்தது ஜப்பானின் நானாசாய் என்ற கடைப்பொம்மை நிறுவனம். பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குவீன் 1998 செப்டம்பரில், இரு கால்களும் முழங்காலுக்குக் கீழ் இல்லாத ஓட்டவீராங்கனை எய்மி மல்லின்ஸை மேடையேற்றியபோது, அவர் அணிந்த மரச் செதுக்குக் கால்களை விசித்திரமான பூட்ஸ் என்றே பலர் நினைத்தார்கள். மெக்குவீனுக்காக நகைக் கலைஞர் ஷான் லீன் ஒரு பெண்ணுடலின் வார்ப்பின் மீது அலுமினிய வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் செய்த கவசம், 2017-இல் சதபீஸ் ஏலத்தில் எட்டு லட்சம் டாலருக்கும் மேல் விற்றது. அங்கே இரண்டு பெயர்களும் சேர்ந்தே சொல்லப்பட்டன. லீன் தொடக்கம் முதலே தன் பெயரோடு நின்றார் என்பதே காரணம். ரெசின் ஊற்றுபவருக்கு அந்த வாய்ப்பு அமைவதில்லை. 2023 ஜனவரியில் ஸ்கியாபரெல்லி என்ற ஆடை நிறுவனம் காட்டிய சிங்கத் தலை ஆடை உலகெங்கும் சர்ச்சையைக் கிளப்பியபோது, அது ஃபோமும் ரெசினும் செயற்கை ரோமமும் கொண்டு கையால் செய்தது என்பதை நிறுவனமே விளக்கவேண்டியிருந்தது. உண்மையான தலை என்று மக்கள் பதறியது, செய்தவர்களின் திறமைக்குக் கிடைத்த விசித்திரமான பாராட்டு.

இந்தியாவின் பங்கும் இதில் உண்டு. 2022 ஜனவரியில் பாரிஸின் ரோதேன் அருங்காட்சியக வளாகத்தில் நடந்த டியோர் அணிவகுப்பின் சுவர்களை, மாதவி பாரேக், மனு பாரேக் இருவரின் ஓவியங்களைப் பெரிதாக்கிய பூந்தையல் திரைகள் மூடியிருந்தன. மும்பையின் சாணக்யா கைவினைப் பள்ளியுடன் சேர்ந்த 380 கைவினைஞர்கள் அவற்றைத் தைத்தார்கள். ஓவியர்களின் பெயரும் பள்ளியின் பெயரும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டன. ஐரோப்பிய ஆடை நிறுவனங்களுக்கு இந்தியப் பூந்தையல்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் பெயரில்லாமல் உழைத்த பின்னணியில் இது சிறிய மாற்றமன்று; எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது, தனித்தனிப் பெயர்கள் அறிவிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே கவனிக்கவேண்டும்.

பெயர் பற்றிய பேச்சு இறுதியில் நீதிமன்றத்துக்கே வந்து சேர்கிறது. முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன முதிய ஓவியர் ரெனுவார், 1913 முதல் ரிஷார் கினோ என்ற இளம் சிற்பியைக் கொண்டு சிற்பங்களைச் செய்வித்தார். அரைநூற்றாண்டுக்குப் பிறகு கினோ தரப்பு வழக்குத் தொடுத்தது; அவர் இணைப் படைப்பாளர் என்பதை 1973-இல், அவர் இறந்த சில மாதங்களில், பிரான்சின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே நாட்டில் 2022 ஜூலையில் எதிரான முடிவு வந்தது. இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலானுக்காக, விண்கல் தாக்கி வீழ்ந்த போப்பாண்டவர், மண்டியிட்ட ஹிட்லர் போன்ற மெழுகுருவங்களைச் செய்த தனியேல் துருயே, தானே ஆசிரியர் என்று கோரியபோது பாரிஸ் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டெலானையே பிரதிவாதியாகச் சேர்க்காமல் கலைக்கூடத்தையும் காட்சிக்கூடத்தையும் மட்டும் வழக்கில் இழுத்தது முதன்மையான குறை. உருவங்களை எப்படி எங்கே காட்டவேண்டும் என்ற கட்டளை கட்டெலானிடமிருந்தே வந்தது என்பதும் கவனத்தில் கொள்ளப்பட்டது. இரண்டு தீர்ப்புகளையும் முரணாகப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் வாசிப்பு. கினோவிடம் ரெனுவார் முடிவுகளையும் விட்டுவைத்தார். துருயேவிடம் கட்டெலான் முகத்தையும் தோலையும் மட்டுமே விட்டுவைத்தார் என்று வாதிட முடிந்தது. மெழுகில் வடித்த முகத்தில் எத்தனை முடிவுகள் இருக்கும் என்று அந்தத் துறையினர் கேட்டால், அதற்கும் நியாயம் உண்டு.

மறுபக்கத்திலிருந்தும் தகராறு எழும். அமெரிக்கக் கலைஞர் டொனால்ட் ஜட்டின் படைப்புகளைக் காகிதச் சான்றிதழ்களாக வாங்கிய இத்தாலியச் சேகரிப்பாளர் ஜுசெப்பே பான்சா, அவற்றில் சிலவற்றைத் தன் நாட்டுப் பட்டறைகளில் செய்துகொண்டார். தன் மேற்பார்வை இல்லாமல் செய்தவை தன் படைப்புகளே அல்ல என்று ஜட் பகிரங்கமாக மறுத்தார். அளவும் உலோகமும் தாளில் எழுதியிருந்தும் பொருள் பிழையாக முடியும் என்றால், எழுதப்படாத முடிவுகள் எங்கேயோ இருந்தன என்றுதான் பொருள். அவை ஜட்டின் கண்ணிலும், அவர் வழக்கமாக வேலை கொடுத்த நியூயார்க்கின் பெர்ன்ஸ்டைன் சகோதரர்களின் கையிலும் இருந்தன.

நம் நாட்டுப் பட்டறைகளும் கலைஞர்களும் கவனிக்கவேண்டிய ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒருவர் பணம் கொடுத்துச் செய்வித்த புகைப்படம், ஓவியம், செதுக்கோவியம், திரைப்படம் ஆகியவற்றுக்குச் செய்வித்தவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. அந்தப் பட்டியலில் சிற்பம் இல்லை. எனவே சம்பளத்துக்கு வேலை செய்யாத, தனியாகப் பட்டறை நடத்தும் ஒருவர் சிற்பத்தின் உருவாக்கத்தில் படைப்பாளராகக் கருதப்படும் அளவுக்குப் பங்காற்றியிருந்தால், பணம் கொடுத்ததால் மட்டும் உரிமை தானாகவே பிராண்டுக்குப் போய்விடாது. எழுத்து வடிவில் கையொப்பமிட்ட ஒப்படைப்பு வேண்டும். அந்த ஒப்படைப்பில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு கொள்கிறது. உலகெங்கும் கடை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு வரி விடுபட்டாலும் எவ்வளவு சிக்கல் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

தமிழகத்தில் இந்தத் தொழிலின் மிகப் பழைய வடிவம் இன்றும் இயங்குகிறது. பிரிட்டிஷ் சிற்பி ஸ்டீபன் காக்ஸ் 1986 முதல் மாமல்லபுரத்தில் கூடம் வைத்து, உள்ளூர்க் கல்தச்சர்களோடு கருங்கல்லில் வேலை செய்துவந்திருக்கிறார். 2023-இல் தில்லி ஜி20 மாநாட்டு மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட, 27 அடி உயரமும் சுமார் 18 டன் எடையும் கொண்ட நடராசர் சுவாமிமலை ஸ்தபதிகளின் வார்ப்பு. ஸ்தபதியை ஐரோப்பியப் பட்டறைக்காரரோடு ஒப்பிடுவது ஓரளவுக்குத்தான் பொருந்தும். அவர் வேறொருவரின் கற்பனையைச் செய்துகொடுப்பவர் அல்லர், தாளம் என்ற சிற்பநூல் அளவுமுறையும், தெய்வத்தின் தோற்றத்தைச் சொல்லும் தியான சுலோகமும் வகுத்த உருவத்தைத் தன் கையால் மீண்டும் கருதுபவர். ஆனால் அவருடைய முறை, நவீனப் பட்டறையின் இன்னொரு சிக்கலைப் பிறப்பிலேயே தீர்த்துவிடுகிறது.

நவீனப் பட்டறையில் சிலிக்கான் அச்சு அலமாரியில் கிடக்கும். படைப்பு விற்ற பிறகும், கலைஞர் இறந்த பிறகும் அதில் இன்னொரு பிரதி எடுக்க முடியும். பிரான்சில் ஒரு வெண்கலச் சிற்பத்தின் மூலப் பிரதிகள் பன்னிரண்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரையறுத்தது இதனால்தான்; நல்ல ஒப்பந்தங்கள் அச்சு யாரிடம் இருக்கும், எந்த நாளில், யார் முன்னிலையில் அழிக்கப்படும் என்பதைத் தனி வரியாக எழுதுவதும் இதனால்தான். சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் காவிரியின் வண்டலைப் பூசி, காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் உரு வெளியே வரும். அடுத்த சிலைக்கு மீண்டும் மெழுகிலிருந்து தொடங்கவேண்டும்.